போர் வற்றும் வருஷத்தில் தென்னைக்கு எத்தனை லிட்டர்?

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 440 மி.மீ. பெய்ய வேண்டியது, பெய்தது 168 மி.மீ. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. உடுமலை, பொங்கலூர், பல்லடம், காங்கேயம் பக்கம் அந்தக் கோடையில் பட்டுப்போன தோப்புகளைச் சுற்றி வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோப்பு, ஒரே மண், போர் எனும் ஆழ்துளைக் கிணறும் ஏறக்குறைய ஒரே ஆழம். ஒன்றில் பாதி மரம் மொட்டையாக நிற்கும், அடுத்ததில் பத்து மரம்தான் போயிருக்கும். இதற்குக் காரணத்தை ராசியில் தேட வேண்டியதில்லை. ஒருவர் தண்ணீரை லிட்டரில் எண்ணியிருப்பார். இன்னொருவர் "மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடுச்சு" என்று எண்ணியிருப்பார்.

கொங்குப் பக்கம் மழை வருஷத்துக்கு 600 மி.மீ.யை ஒட்டித்தான். பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்ட வாய்க்காலின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, நான்கு மண்டலமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு மண்டலத்துக்கு முறை வந்து போனால் அடுத்த முறைக்கு ஏறத்தாழ இரண்டு வருஷம். இடைப்பட்ட காலம் முழுக்கக் கிணறும் போரும்தான். அடியில் இருப்பது கெட்டிப்பாறை. தண்ணீர் பாறைக்குள் கிடையாது, பாறை வெடிப்பில்தான். அந்த வெடிப்பில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதான் நம்முடையது. 1,000 அடி போட்டிருக்கிறோம் என்பது செலவுக் கணக்கு. அதை வைத்துத் தண்ணீர்க் கணக்குப் போட முடியாது.

முதல் குழப்பம் 'இஞ்ச்' என்ற சொல்லில் இருக்கிறது. போர் போடும் ரிக் வண்டிக்காரர் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்வது, வி-நாட்ச் எனும் 'V' வடிவ வெட்டுள்ள பலகையில் வழியும்போது பார்த்த உயரம். 2 இஞ்ச் பைப் நிறையத் தண்ணீர் என்று அதற்குப் பொருள் இல்லை. 90 டிகிரி வெட்டில் 1 இஞ்ச் உயரம் வழிந்தால் மணிக்கு சுமார் 500 லிட்டர். 2 இஞ்ச் என்றால் சுமார் 2,900 லிட்டர். 3 இஞ்ச் என்றால் 8,000-ஐ நெருங்கும். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். அதனால் ஒன்றரை இஞ்சுக்கும் இரண்டு இஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பாதிக்குப் பாதி விழுந்துவிடும். அது போக, அந்த அளவும் காற்றை அடித்து வெளியே தள்ளும்போது எடுத்தது. தொடர்ந்து இறைத்தால் அவ்வளவு நிற்காது.

இரண்டாவது குழப்பம் போருக்குள் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர். ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும். ராத்திரி முழுக்க விட்டு 500 அடி ஏறியிருந்தால் 3,250 லிட்டர். காலையில் பட்டனைத் தட்டியதும் பைப் நிறைய விழுவது இந்தத் தண்ணீர். முக்கால் மணி நேரம் கழித்து விட்டு விட்டு வர ஆரம்பிக்கும்போதுதான் உண்மையான ஊற்று தெரியும். முதல் அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஓர் ஏக்கருக்கு நடவு போட்டு ஏமாந்த தோப்புகள் ஏராளம்.

அளக்கும் முறை எளிது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, செல்போனில் நேரம் பார்க்கும் வசதி, ஒரு நோட்டு. ராத்திரி போரைத் தொடாமல் விட்டு, காலையில் ஓட்டி, தண்ணீர் விட்டு விட்டு வரும் வரை இறைத்து நிறுத்த வேண்டும். இது வெறும் தயாரிப்பு, எழுத வேண்டியதில்லை. சரியாக 1 மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓட்டி, காற்று வாங்கும் வரை எத்தனை டிரம் என்று எண்ண வேண்டும். நாலரை டிரம், அதாவது 900 லிட்டர் வந்தது, அதற்கு 15 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு 60, ஓட்டம் 15, ஆக 75 நிமிடத்தில் ஊறியது 900 லிட்டர். மணிக்கு 720. இந்த ஓட்டநேரத்தைச் சேர்க்காமல் 900 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான தப்பு. மூன்று முறை செய்து, இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. நாளுக்கு 24 மணி நேரம் என்று பெருக்காமல் 20 மணி நேரம் என்று பெருக்கினால் 14,400 லிட்டர். மும்முனை மின்சாரம் போய் வரும் நேரம் அந்த 4 மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேல் வெட்டு இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை இப்படி அளந்தால் சரிவு எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். ஜனவரியில் 720 இருந்தது மார்ச் முதல் வாரத்தில் 500 ஆனால், ஏப்ரல் கடைசிக்கு என்ன மிஞ்சும் என்பதை அப்போதே ஊகிக்கலாம். ஏப்ரலில் ஊகித்துப் பயனில்லை.

இனி மரத்துப் பக்கக் கணக்கு. 25 அடிக்கு 25 அடி நட்டால் ஏக்கருக்கு 70 மரம். வேளாண் பல்கலைக்கழகம் மேற்கு மாவட்டத் தென்னைக்குச் சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை சொல்லும் அளவு: தண்ணீர் தாராளமாக இருந்தால் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர், ஓரளவு தட்டுப்பாடு என்றால் 45, கடும் தட்டுப்பாடு என்றால் 22. ஐந்து ஏக்கர், 350 மரம் என்றால் 65-க்கு 22,750 லிட்டர், 45-க்கு 15,750, 22-க்கு 7,700. மேலே சொன்ன 14,400 லிட்டர் போர் இன்றைக்கு 41 லிட்டர் கொடுக்கும். அது பாதியானால் 20. அந்த இருபதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

22 லிட்டரில் மரம் காய்க்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். உயிர் தங்கும், அவ்வளவுதான். அதற்கும் கீழே போய் 350 மரத்துக்கும் பத்துப் பத்து லிட்டர் பிரித்துக் கொடுப்பது எதையும் காப்பாற்றாது. மேல்மண்ணை நனைத்துவிட்டு வெயிலுக்குப் போய்விடும். அந்த நிலை வந்தால் சில மரங்களைக் கழித்துவிட வேண்டும். எந்த மரத்தை விடுவது என்பதை மார்ச்சிலேயே சுண்ணாம்புக் குறி போட்டு வைப்பது உத்தமம். மே மாதம் வாடி நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்க மனசு வராது. கேரளா வாடல் நோய் கண்ட மரங்களுக்கு முதல் குறி. அவை தண்ணீரைக் குடிக்குமே தவிர திரும்பாது. அடுத்தது சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் மண்ணில் நிற்கும் வரிசைகள், வருஷத்துக்கு 40 காய்கூடத் தாண்டாத மரங்கள், வயதாகி உச்சி சிறுத்தவை. மூன்று வயதுக்கு உட்பட்ட கன்றுகளைக் கடைசியாகத்தான் விட வேண்டும். அவற்றுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். தென்மேற்கு வெயில் படும் பக்கம் ஓலைத் தட்டி கட்டி, அடியில் துளையிட்ட மண்பானையைப் பக்கத்தில் புதைத்துத் திரி வைத்து நிரப்பினாலே தாங்கும்.

வட்டப்பாத்தியில் ஓஸ் போட்டுத் தண்ணீர் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி, "வாரம் ஒரு நாள் 150 லிட்டர் விட்டாலும் அதே கணக்குத்தானே?" எண் ஒன்றுதான், மண்ணுக்குள் போய்ச் சேருவது ஒன்றில்லை. ஆறடி வட்டம் முழுக்க ஈரமானால் ஏப்ரல் வெயில் அதில் பெரும்பங்கை மூன்றே நாளில் எடுத்துக்கொள்ளும். கடும் பஞ்சத்தில் சொட்டுநீரையும் மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும். மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, நான்கு பக்கமும் ஒவ்வொரு குழி, ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம். ஒவ்வொன்றிலும் 40 செ.மீ. நீளமுள்ள 16 மி.மீ. பி.வி.சி. துண்டைச் சாய்வாக நிறுத்தி, தண்ணீர் சொட்டும் முனையான டிரிப்பரை அதற்குள் விட வேண்டும். குழியை நார்த்தூளால் மூட வேண்டும். தண்ணீர் ஓரடி ஆழத்தில் போய் விழும், மேலே மண் காய்ந்தே இருக்கும். பார்க்கிறவர் "மரத்துக்குத் தண்ணியே விடலையா?" என்று கேட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு வைத்தால் 22 லிட்டருக்கு 41 நிமிடம். கெட்டியான கரிசலில் நாள் விட்டு நாள் 44 ஆகக் கொடுக்கலாம். மணல் கலந்த செம்மண்ணில் தினமும் கொடுப்பதே சரி, இல்லாவிட்டால் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

இந்த முறையில் கெடுவது எங்கே என்றால், டிரிப்பர் அடைத்தாலும் வெளியே தெரியாது. ஆழ்போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்பது சுண்ணாம்பு, சிவப்பாக இருந்தால் இரும்பு. வாரம் ஒரு தடவை, வரிசையில் ஓடும் சிறு குழாயான லேட்டரலின் கடைசியில் இருக்கும் மூடியைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும் வரை விட வேண்டும். வெள்ளைப் படிவுக்கு ஆசிட் விடலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட்டின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, மேலே தெறிக்கும். கடைசி டிரிப்பரில் விழும் தண்ணீர் பி.எச். 4-க்கு வரும் வரை விட்டு, ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் முழுவதும் கழுவித் தள்ள வேண்டும். காகிதப் பட்டை வாங்கிப் பார்த்தாலே பி.எச். தெரியும். அணிலும் எலியும் தாகத்துக்கு லேட்டரலைக் கடிப்பது பஞ்ச காலத்தில் இரண்டு மடங்காகும். தோப்பில் அங்கங்கே உடைந்த ஓட்டில் தண்ணீர் வைத்தால் ஓரளவு குறையும். இது கருணை மட்டும் இல்லை, லேட்டரல் செலவும் மிச்சம்.

மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு இல்லாமல் மேலே சொன்னது பாதிதான் பலிக்கும். ஆறடி ஆரத்துக்குத் தேங்காய் மட்டை நூறு, முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்க வேண்டும். இல்லை, 15 காய்ந்த ஓலை. இல்லை, 10 செ.மீ. உயரத்துக்கு நார்த்தூள். தூள் காற்றில் பறக்கும் என்பதால் நனைத்துப் போட்டு மேலே நாலு ஓலையைப் போட வேண்டும். மட்டையைப் புதைப்பது வேறு வேலை, அதற்கு விதி தலைகீழ். மரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கால்வாய் எடுத்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் போட வேண்டும். கிண்ணம் மாதிரி தண்ணீர் பிடிக்க வேண்டும் அல்லவா. மழைக்கு முன்னால் புதைத்தால்தான் பலன். கோடையில் காய்ந்த மட்டையைப் புதைத்தால் நாம் ஊற்றும் தண்ணீரையும் அது குடித்துவிடும். கரையான் வந்தால் பெரிய மரத்துக்குப் பயமில்லை, கன்றுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழுத்துத் தொங்கும் அடி ஓலைகளை நாலைந்து வெட்டிவிடலாம். பச்சையாக நிற்பதை வெட்டினால் மரத்தின் சமையலறையை மூடுவது போல. காய்ந்த மண்ணில் உரம் வேண்டாம். பொட்டாஷ் வறட்சியைத் தாங்க உதவும் என்பது உண்மை, ஆனால் அது வறட்சிக்கு முந்தைய மழையில் போட்டிருக்க வேண்டியது. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் வறண்ட வருஷத்தில்தான் ஏறும். அதற்கு விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை வேகமாக அடிப்பதுதான் முதல் வைத்தியம். தண்ணீர் இல்லாத நாளில் அந்த வைத்தியமும் கைவிட்டுப் போகிறது.

மோட்டார் விஷயம். போருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் சூடு தணிகிறது. தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான 'காயில்' எரிந்து போய்விடும். தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை-ரன் ரிலே போட்டும் எரிகிறது என்றால் அளவு தப்பாக வைத்திருப்பார்கள். தண்ணீர் நிறைய வரும்போது எத்தனை ஆம்ப்ஸ், காற்று வாங்கும்போது எத்தனை என்று இரண்டையும் எழுதிக்கொண்டு நடுவில் வைக்க வேண்டும். 10-ம் 6-ம் வந்தால் 8-இல். மறுபடி ஓடும் டைமரை, டிரம் வைத்து அளந்த ஓய்வு நேரத்துக்கே வைத்தால் போரும் மோட்டாரும் சண்டை போடாது. இரண்டு ஃபேஸ் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டும் பழக்கம் பஞ்ச காலத்தில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. 'காயில்' கட்டும் கடைக்குத்தான் அதில் லாபம். மோட்டாரை இன்னும் கீழே இறக்குவது என்றால் பம்ப்பின் ஸ்டேஜ், அதாவது தண்ணீரைத் தள்ளும் அடுக்குகள், அந்த ஆழத்துக்குப் போதுமா என்று பார்த்து இறக்க வேண்டும். 500 அடிக்கு எடுத்ததை 800-க்கு இறக்கினால் மோட்டார் முனகும், தண்ணீர் வராது. அடியில் சேறு இருக்கும், 20 அடியாவது விட்டுத் தொங்க வேண்டும். ஊற்று மிகக் குறைந்துபோன போருக்கு, காற்றை அடித்துத் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரசரே மேல். மின்சாரம் அதிகம் இழுக்கும், தண்ணீர் குறைவாகத் தள்ளும், ஆனால் போருக்குள் எரிவதற்கு ஒன்றும் இல்லை.

புதுப் போர் போடலாமா என்பது பஞ்சத்தில் எல்லா வீட்டிலும் வரும் பேச்சு. ரிக் வண்டிக்கு ஆழம் கூடக் கூட அடிக்கு விலை ஏறும். கடைசி 300 அடிதான் அதிகம் தின்னும், தண்ணீர் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவானதும் அதுவே. நீரோட்டம் எங்கே என்று பாயிண்ட் பார்க்கிறவர் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திக் காட்டுவதை நம்பி அடுத்தடுத்து மூன்று குழி போட்டவர்கள், அதே பணத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் வரும் என்று முதலில் வகுத்துப் பார்த்திருக்கலாம். 12,000 லிட்டர் லாரி, 22 லிட்டர் கணக்கில், ஓர் ஏக்கருக்கு ஏழே முக்கால் நாள். ஐந்து ஏக்கருக்கு ஒன்றரை நாள். அந்த ஊரில் அன்றைக்கு லாரி என்ன விலையோ அதைப் போட்டு 60 நாளுக்குப் பெருக்கினால், எத்தனை ஏக்கரைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது தானாகத் தெரியும்.

தண்ணீர் சேர்த்து வைக்கும் இடத்திலும் ஓர் ஓட்டை உண்டு. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்றால், ஏப்ரலில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியானாலே 2,800 லிட்டர் போகிறது. 127 மரத்தின் ஒரு நாள் உயிர்த்தண்ணீர் அது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கக் குட்டை சரி. போரில் சொட்டுச் சொட்டாக எடுத்ததை அதில் விடுவது சரியில்லை. மூடிய சின்னத் தொட்டி, அன்றன்று எடுத்து அன்றன்று விடுவது.

பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச வேண்டிய பேச்சும் இருக்கிறது. அவர் போர் ஓடும்போது நம் போர் சீக்கிரம் காற்று வாங்கினால் இரண்டும் ஒரே வெடிப்பில் இருக்கின்றன என்று பொருள். போட்டி போட்டு ஆழமாக்கினால் இருவருக்கும் அதே தண்ணீர்தான், செலவு மட்டும் இரண்டு. கிணற்றில் பங்காளிகள் கிழமை வைத்து முறை போடுவது போல, போருக்கும் மணி வைத்து முறை போட்டுக்கொண்ட இடங்களில் இருவருடைய மோட்டாரும் பிழைத்திருக்கிறது. ஊர்க் குடிதண்ணீர் போரும் அதே பாறையில்தான் நிற்கிறது. பஞ்சாயத்துத் தொட்டி நிறையும் நேரத்தில் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு மணி நேரம் நிறுத்தினால், குழாயடியில் பெண்கள் குடத்தோடு காத்துக் கிடக்கும் நேரம் குறையும். அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. உங்கள் ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால், வரத்து வாய்க்காலில் வேலிக்கருவையும் மண்மேடும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே அந்தக் குட்டைக்குக் கீழே இருக்கும் கிணறுகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

மாடுகள். கோடையில் கறவை மாடு ஒன்று நாளுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். நாலு மாடு என்றால் 11 தென்னையின் தண்ணீர். விற்பது என்று முடிவானால் பால் வற்றிய மாட்டை மார்ச்சுக்கு முன்பே விற்க வேண்டும். ஊரே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகும் வாரத்தில் விலை கிடைக்காது. வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மட்டும் மாட்டுக்குப் போடவே கூடாது. தண்ணீர் இல்லாமல் குன்றிய சோளப் பயிரிலும், அறுத்த தட்டில் மறுபடி விடும் தளிரிலும் சயனைடு நஞ்சு ஏறும். தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி மாடு விழும். பூவெடுத்த பிறகு அறுத்து, நன்றாகக் காய வைத்துப் போடுவதே பத்திரம். விழுந்த மாட்டுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் கால்நடை மருத்துவரை அழைத்தால் நஞ்சை முறிக்கும் ஊசி இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாகக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. முன்னோர் அதைச் சும்மா போட்டு வைக்கவில்லை.

மழை வந்த பிறகும் கணக்கு உடனே தீராது. தென்னம்பாளை வெளியே வருவதற்கு 32 மாதம் முன்பே உள்ளே உருவாகத் தொடங்குகிறது. வெளியே வந்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். இந்தக் கோடையில் காய்ந்தது இந்த வருஷம் குரும்பை உதிர்வாகவும், அடுத்த வருஷம் ஒல்லிக்காயாகவும், அதற்கு அடுத்த வருஷம் வெறும் பாளையாகவும் தெரியும். முதல் மழைக்கே தோப்பு திரும்பிவிட்டது என்று நினைத்து அடுத்த வருஷக் காய்க்கு இப்போதே முன்பணம் வாங்குவது ஆபத்து.

மழைத்தண்ணீரைப் போருக்குள் விட நினைக்கிறவர்கள் ஓடும் கலங்கலை நேராகக் கேசிங் எனும் போர் வாய்க் குழாயில் விட வேண்டாம். ஒரே மழையில் வெடிப்பு சேற்றால் அடைபடும், பிறகு எந்தக் கம்ப்ரசரும் திறக்காது. முதலில் மண் படிய ஒரு குழி. அதிலிருந்து வழிவது இரண்டாவது குழிக்கு. அதில் அடியில் குண்டுக்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். மேல் மணலை வருஷம் ஒரு முறை மாற்ற வேண்டும். மருந்து அடித்த வயல் தண்ணீரும் சாணிக்குழித் தண்ணீரும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர். வரப்பை உயர்த்தி அதை நிலத்திலேயே நிற்க வைப்பது குழி எடுப்பதைவிட மலிவு, பழைய கிணறு இருந்தால் அதில் விடுவது அதைவிட நல்லது.

பஞ்சத்தில் போட்டுப் பொய்த்துப்போன குழிகளை அன்றைக்கே மூட வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போர்க்குழியில் குழந்தை சுஜித் விழுந்து இறந்தது எல்லோருக்கும் தெரியும். கோணிச் சாக்கும் கல்லும் மூடி ஆகாது. மறுபடி பயன்படாது என்று உறுதியானால் அடியிலிருந்து தரை மட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். ஒருவேளை ஊறலாம் என்று வைத்திருந்தால், கேசிங் பைப் தரைக்கு மேல் ஓரடியாவது நிற்க வேண்டும், அதன் வாயில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஸ்பேனர் இல்லாமல் திறக்க முடியாதபடி.